சிறுமலை வாழை

சிறுமலை வாழை என்பது தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள சிறுமலைத் தொடரில் பயிரிடப்படும் மலைவாழை வகையாகும். திண்டுக்கல்லிலிருந்து சாணார்பட்டி வழியாக நத்தம் செல்லும் சாலையில் பயணம் செய்வோருக்குத் தென்புறத்தில் நெடுந்தொலைவு தெரிந்துகொண்டே வரும் மலை சிறுமலையாகும். இது கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் விளையும் விருப்பாட்சி வாழை இதற்கு நெருங்கிய உறவுடையது. இவ்விரண்டும் 2008-09ஆம் ஆண்டில் தனித்தனியே புவிசார் குறியீடு பெற்றன.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முடிக்கொத்து நோய் என்னும் தீநுண்ம நோயால் திண்டுக்கல் மாவட்ட மலைவாழைத் தோட்டங்களின் பெரும்பகுதி அழிந்தது. பின்னர் நோயற்ற கன்றுகளைக் கொண்டு பயிர் ஓரளவு மீட்கப்பட்டது. பள்ளி உயிரியல் நூல்களில் தனித்தனிப் பாடங்களாக வரும் உடல இனப்பெருக்கம், குன்றல் பகுப்பு, நொதி, தீநுண்மம், ஆக்குத்திசு ஆகியவை அனைத்தும் இவ்வொரு பயிரின் வரலாற்றில் ஒன்றோடொன்று பிணைந்து காணப்படுகின்றன.

மலையும் பயிரும்

சாணார்பட்டியை உள்ளடக்கிய திண்டுக்கல் சமவெளி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. மா, புளி, தென்னை ஆகியவை இங்கு மிகுதி. மலைமேல் வாழை விளையும் பகுதிகள் 1,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் உள்ளன. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை சராசரியாக 6 பாகை செல்சியசுக்குச் சற்றுக் கூடுதலாகக் குறையும். எனவே அடிவாரத்திற்கும் மலைக்கும் 4 முதல் 5 பாகை வேறுபாடு இருக்கும். இவ்வேறுபாட்டால் செடியின் வளர்ச்சி மெதுவாகிறது. தார் முற்றுவதற்குச் சமவெளி வாழையைவிடக் கூடுதல் காலம் பிடிக்கிறது. மலைவாழை பெரும்பாலும் மழையை நம்பிய பயிர். காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் துணைப்பயிராகவும், மிளகு, எலுமிச்சை ஆகியவற்றுடன் கலந்தும் இது வளர்க்கப்படுகிறது.

மலைவாழைக் கன்றைச் சமவெளியில் நட்டால் அதே சுவை கிடைப்பதில்லை என்பது உழவர்களின் பட்டறிவு. கன்றின் மரபணுக்களில் மாற்றம் எதுவும் இல்லை. சூழல் மட்டுமே மாறியுள்ளது. ஓர் உயிரினத்தின் மரபணு அமைப்பு மரபுவகை எனவும், அது சூழலோடு சேர்ந்து வெளிப்படுத்தும் தோற்றமும் பண்பும் புறத்தோற்றவகை எனவும் வழங்கப்படுகின்றன. புவிசார் குறியீட்டுச் சட்டம் பாதுகாப்பது இந்த இரண்டாவதையே. அக்குறியீடு கன்றுக்கு உரியதன்று; குறிப்பிட்ட மண்ணில் விளைந்த பழத்திற்கு உரியது.

உடலமைப்பு

வாழை மரம் என்று வழக்கில் கூறப்பட்டாலும் வாழை மரமன்று. அது உலகின் மிகப்பெரிய பூண்டுத் தாவரங்களுள் ஒன்று. வெளியே தெரியும் 'மரம்' ஒன்றையொன்று இறுகத் தழுவிய இலையுறைகளின் தொகுதியாகும். இதில் கட்டை கிடையாது. உரித்தால் நாராகவும் மட்டையாகவும் பிரிந்துவிடும். உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. பூக்கும் பருவம் வரும்போது கிழங்கின் நுனியிலுள்ள வளர்முனை இலைகளைத் தோற்றுவிப்பதை நிறுத்திப் பூங்கொத்தாக மாறுகிறது. அப்பூங்கொத்தின் காம்பு இலையுறைகளின் நடுவே மேலேறி உச்சியில் வெளிப்படுகிறது. சமையலில் பயன்படும் வாழைத்தண்டு இந்தக் காம்பேயாகும். வளர்முனை பூவாக மாறிவிட்டதால் அச்செடி மீண்டும் இலைவிட இயலாது. தார் தந்த வாழை மடிவதற்குக் காரணம் இதுவே.

வாழைப்பூவை ஆய்ந்தால் ஒரு முழுத் தாவரவியல் பாடம் கிடைக்கும். செந்நிற மடல்கள் பூவடிச்செதில்கள். ஒவ்வொரு மடலுக்குள்ளும் பூக்கள் வரிசையாக உள்ளன. முதலில் விரியும் மடல்களிலுள்ள பெண்பூக்களே சீப்புகளாக மாறுகின்றன. பின்னர் வரும் ஆண்பூக்கள் காய்ப்பதில்லை. சமையலுக்கு எடுப்பது பெரும்பாலும் இவ்வாண்பூக்களையே. இவற்றிலிருந்து இல்லத்தரசியர் 'கள்ளன்' எனக் கிள்ளி எறியும் தீக்குச்சி போன்ற பகுதி சூலகத் தண்டும் அதன் பருத்த முடியுமாகும். உடன் நீக்கப்படும் கண்ணாடி போன்ற செதில் ஓர் இதழ். இரண்டும் வேகாதவை என்பதால் நீக்கப்படுகின்றன.

அரிந்த வாழைப்பூவும் தண்டும் சிறிது நேரத்தில் கறுப்பதும் நோக்கத்தக்கது. கத்தி பட்டதும் உயிரணுக்கள் உடைந்து, அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த பீனால் சேர்மங்களும் அவற்றை ஆக்சிசனேற்றம் செய்யும் நொதியும் கலந்துவிடுகின்றன. மோர் கலந்த நீரில் இடும் வழக்கத்திற்கு வலுவான அடிப்படை உண்டு. மோரின் அமிலத்தன்மை நொதியின் செயலைத் தடுக்கிறது. நீரில் மூழ்கியிருப்பதால் காற்றும் குறைவாகவே படுகிறது.

விதையில்லாமை

காட்டுவாழைகளின் பழத்தில் கடினமான கருநிற விதைகள் நிறைந்திருக்கும். உண்ணும் வாழைகள் பெரும்பாலும் மூசா அக்யூமினேட்டா, மூசா பால்பிசியானா என்னும் இரு காட்டினங்களிலிருந்து தோன்றியவை. சிம்மண்ட்சு, செப்பர்டு ஆகிய இருவர் 1955ஆம் ஆண்டு வகுத்த முறைப்படி முதலினத்தின் நிறப்புரித் தொகுதி 'ஏ' எனவும் இரண்டாம் இனத்தின் தொகுதி 'பி' எனவும் குறிக்கப்படுகின்றன. சிறுமலை வாழையும் விருப்பாட்சி வாழையும் 'ஏஏபி' பிரிவில் போம் எனப்படும் துணைப்பிரிவைச் சேர்ந்தவை. அதாவது, அக்யூமினேட்டாவின் இரு தொகுதிகளும் பால்பிசியானாவின் ஒரு தொகுதியும் இவற்றில் உள்ளன.

ஒரு தொகுதிக்கு 11 நிறப்புரிகள் வீதம் மூன்று தொகுதிகளுக்கு 33 நிறப்புரிகள் ஆகின்றன. விதைக்கு அடிப்படையான பாலணுக்கள் குன்றல் பகுப்பால் உருவாகின்றன. இப்பகுப்பில் நிறப்புரிகள் இணையிணையாகச் சேர்ந்து பின் இருபுறமும் பிரிய வேண்டும். மூன்று தொகுதிகள் இருக்கும்போது இணை சேர்வது குழம்புகிறது. பிரியும் எண்ணிக்கை ஒழுங்கற்றுப் போகிறது. எனவே வளமான மகரந்தமோ சூலோ தோன்றுவது அரிது.

ஆனால் விதை உருவாகாமை மட்டும் பழத்தைத் தந்துவிடாது. பெரும்பாலான தாவரங்களில் கருவுறாத பூ உதிர்ந்துவிடும். வாழையில் கருவுறாமலேயே சூலகம் சதைப்பற்றாக வளரும் பண்பு மரபுவழி அமைந்துள்ளது. இத்தகைய பழம் கருவுறாக் கனி எனப்படும். ஒரு வாழைப்பழத்தைக் குறுக்கே அரிந்தால் நடுவில் தென்படும் சிறு கரும்புள்ளிகள், விதையாகாமல் நின்றுபோன சூல்களாகும். பண்டைய மனிதர் விதை குறைந்த செடிகளையே தேர்ந்தெடுத்து மீண்டும் மீண்டும் நட்டனர். அவர்கள் தேர்ந்தெடுத்த வசதி பின்னாளில் நோயின்போது வேறொரு முகம் காட்டியது.

பழுத்தல்

முற்றிய வாழைக்காயின் சதையில் எடையளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. பழுக்கும்போது அமைலேசு முதலிய நொதிகள் அதனைச் சர்க்கரைகளாக உடைக்கின்றன. நன்கு பழுத்த பழத்தில் மாவுச்சத்து மிகச் சொற்பமே எஞ்சும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதனை எளிதாகக் காட்டலாம். அயோடின் கரைசலைக் காயின் துண்டில் இட்டால் கருநீலமாகும்; பழத்தின் துண்டில் அந்நிறம் மங்கலாகவோ தோன்றாமலோ இருக்கும்.

பழுத்தலைத் தொடங்கி வைப்பது எத்திலீன் என்னும் வளிமம். தாவர ஊக்கிகளுள் வளிமமாக இருப்பது இதன் சிறப்பு. ஒரு பழம் வெளிவிடும் எத்திலீன் அருகிலுள்ள காய்களையும் பழுக்கத் தூண்டும். மூடிய அறையில் தார்களை அடுக்கிப் புகைபோடும் பழைய முறை இதனாலேயே பலித்தது: முழுமையாக எரியாத சருகும் வைக்கோலும் விடும் புகையில் எத்திலீன் உண்டு. கார்பைடு கல் வைப்பது வேறு. கால்சியம் கார்பைடு ஈரத்தில் அசிட்டிலீனை வெளியிடுகிறது. அது எத்திலீனைப் போல ஓரளவு செயல்படும். எனினும் வணிகக் கார்பைடில் ஆர்சனிக்கு, பாசுபரசு ஆகியவற்றின் நச்சுச் சேர்மங்கள் சிறிதளவு கலந்திருப்பதால் பழங்களை இவ்வாறு பழுக்கவைப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது. கட்டுப்படுத்தப்பட்ட அளவில் எத்திலீன் வளிமத்தைப் பயன்படுத்த உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் இசைவளித்துள்ளது.

குளிர்பதனப் பெட்டியில் வைத்த வாழைப்பழத்தின் தோல் கறுப்பது அழுகல் அன்று. வெப்பநிலை 13 பாகை செல்சியசுக்கும் கீழே செல்லும்போது வெப்பமண்டலத் தாவரமான வாழையின் உயிரணுச் சவ்வுகள் சிதைகின்றன. அதன்பின் நடப்பது வாழைப்பூ கறுப்பதில் கூறிய அதே நொதிச் செயலேயாகும்.

கெடாமை

மலைவாழைப் பழத்தில் நீர்ப்பதம் குறைவு, தோல் தடிப்பு. வைத்திருக்கும்போது இப்பழம் அழுகுவதைவிட வாடிச் சுருங்குவதே மிகுதி. பழனி முருகன் கோயிலின் பஞ்சாமிர்தத்திற்கு மலைவாழை விரும்பப்படுவதற்கு இது முதன்மையான காரணம். 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அப்பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் ஆகியவற்றுடன் பேரீச்சையும் கற்கண்டும் சேர்க்கப்படுகின்றன. நீர் ஒரு துளியும் சேர்ப்பதில்லை. பதனப் பொருளும் இல்லை.

இது நாட்கணக்கில் கெடாமல் இருப்பதைச் சவ்வூடு பரவல் விளக்குகிறது. செறிவு மிகுந்த சர்க்கரைக் கலவையில் விழும் பாக்டீரியாவின் உயிரணுவிலிருந்து நீர் வெளியேறிவிடுகிறது. உயிரணு சுருங்கிச் செயலிழக்கிறது. ஊறுகாயில் உப்பும் கருவாட்டில் உப்பும் செய்வது இதையே. பஞ்சாமிர்தத்தில் ஈரக்கரண்டி படக்கூடாது என்று வீடுகளில் கூறப்படுவது, நீர் பட்ட இடத்தில் செறிவு குறைந்து நுண்ணுயிர்கள் வளர இடம் கிடைத்துவிடும் என்பதால் பொருத்தமானதே.

வாழையடி வாழை

விதையில்லாத வாழை கன்றுகளாலேயே பெருகுகிறது. கிழங்கிலுள்ள மொட்டுகள் பக்கக் கன்றுகளாக முளைக்கின்றன. தாய் மடிந்தபின் கன்று தாயின் இடத்தைப் பெறுகிறது. அதன் அடியில் மற்றொரு கன்று. தலைமுறை அறாது தொடர்வதைக் குறிக்கத் தமிழில் 'வாழையடி வாழையாக' என்னும் தொடர் வழங்குவதற்கு இதுவே அடிப்படை. திருமண வாயிலில் குலையோடு கூடிய வாழை கட்டப்படுவதும் இக்கருத்தில்தான்.

உயிரியலில் இம்முறை உடல இனப்பெருக்கம் எனப்படும். பாலினப்பெருக்கத்தில் தாய், தந்தை ஆகிய இருவரின் மரபணுக்களும் புதிதாகக் கலந்து அமைவதால் ஒரு வயிற்றுப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் ஒத்திருப்பதில்லை. கன்றில் அத்தகைய கலப்பு இல்லை. அரிதாக ஏற்படும் திடீர்மாற்றங்களை விட்டுவிட்டால், கன்று தாயின் நேர்ப்படியாகும். அவ்வகையில் சிறுமலையில் உள்ள ஆயிரக்கணக்கான சிறுமலை வாழைகளை, பல இடங்களில் பிரிந்து நிற்கும் ஒரே செடி என்று கொண்டாலும் தவறில்லை. நல்ல சுவை கிடைத்தால் அது எல்லாச் செடியிலும் கிடைக்கும். ஒரு நோயை எதிர்க்க இயலாவிட்டால் எந்தச் செடியாலும் எதிர்க்க இயலாது. மேலும் தாயின் சாற்றில் உள்ள தீநுண்மமும் கன்றுக்கு அப்படியே வந்து சேரும்.

முடிக்கொத்து நோய்

முடிக்கொத்து நோய் 1889ஆம் ஆண்டில் பிஜித் தீவில் பதிவானது. 1913ஆம் ஆண்டை ஒட்டி ஆத்திரேலியாவிலும் இலங்கையிலும் காணப்பட்டது. ஆத்திரேலியாவிற்கு அது பிஜியிலிருந்து வந்த கன்றுகளுடன் சென்றது. 1920களின் நடுப்பகுதிக்குள் அந்நாட்டின் கிழக்குக் கரையில் இருந்த வாழைத்தோட்டங்களில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. இந்தியாவிற்கு 1940ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கேரளத்திற்கு வந்ததாகக் கருதப்படுகிறது. அங்கிருந்து தமிழ்நாட்டு மலைகளை அடைந்தது. பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேராக இருந்த மலைவாழைப் பரப்பு பின்னர் 2,000 ஹெக்டேர் அளவிற்குச் சுருங்கியதாக வேளாண் நூல்கள் குறிப்பிடுகின்றன. சிறுமலையும் இந்நோய்க்குத் தப்பவில்லை. வாழை இருந்த இடங்களில் பலர் எலுமிச்சை, சௌசௌ, காப்பி ஆகியவற்றிற்கு மாறினர்.

நோயின் முதல் அடையாளம் இலைக்காம்பின் அடிப்புறத்திலும் நடுநரம்பிலும் தோன்றும் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளுமாகும். பழைய தந்திக் குறியீட்டைப் போல இவை விட்டுவிட்டுக் காணப்படும். பின்னர் வரும் இலைகள் ஒன்றைவிட ஒன்று சிறுத்துக் குறுகி, விளிம்பு மஞ்சளாகி, விரியாமல் உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். நோயின் பெயர் இத்தோற்றத்தால் அமைந்தது. இளமையில் நோயுற்ற செடி குலை தள்ளுவதில்லை. ஓராண்டு உழைப்பும் முதலீடும் ஒரு காய்கூடத் தராமல் போய்விடுவதே இந்நோய் உழவருக்குத் தரும் இழப்பு.

நோய்க்காரணி ஒரு தீநுண்மம். அதன் துகள் ஏறத்தாழ 20 நானோமீட்டர் குறுக்களவுடையது; ஒரு மில்லிமீட்டரில் 50,000 துகள்களை வரிசையாக நிறுத்தலாம். அதன் மரபுப்பொருள் ஆறு சிறு ஒற்றையிழை டி.என்.ஏ வளையங்களாகப் பிரிந்துள்ளது. ஒவ்வொன்றிலும் 1,000 எழுத்துகளுக்குச் சற்று மிகுதியாக உள்ளன. ஆறும் சேர்ந்து 7,000 எழுத்துகளைத் தாண்டுவதில்லை. மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன என்பதோடு இதனை ஒப்பிடலாம். இத்தீநுண்மத்திற்குத் தனி வளர்சிதைமாற்றம் கிடையாது. வாழையின் உயிரணுவையே தன்னைப் படியெடுக்கும் பட்டறையாக்கிக்கொள்கிறது. ஆகவே இதனை மட்டும் கொன்று செடியை விட்டுவைக்கும் மருந்து இல்லை. சளி, காய்ச்சல் போன்ற தீநுண்மத் தொற்றுகளுக்குப் பாக்டீரியாக் கொல்லி மருந்துகள் பயன்படாமைக்கும் அடிப்படை இதுவே: அம்மருந்துகள் தாக்கும் உறுப்புகள் தீநுண்மத்தில் இல்லை.

அசுவினி

தீநுண்மம் தானே செடிவிட்டுச் செடி செல்லாது. மண்ணாலோ நீராலோ இது பரவுவதில்லை, அரிவாளாலும் பரவுவதில்லை. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சியே இதனைச் சுமந்து செல்கிறது. ஆத்திரேலிய ஆய்வாளர் மேகி 1920களில் செய்த ஆய்வுகளால் இதனை நிறுவினார். 1 முதல் 2 மில்லிமீட்டர் நீளமுள்ள கரும்பழுப்பு நிற அசுவினிகள் இலையுறையின் இடுக்குகளிலும் கன்றுகளின் அடியிலும் கூட்டமாக வாழ்கின்றன. ஊசி போன்ற வாயுறுப்பைப் புளோயம் திசுவிற்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சுகின்றன. நோயுற்ற செடியில் சில மணி நேரம் உண்ட அசுவினி தன் வாழ்நாள் முழுவதும் நோயைப் பரப்ப வல்லது. எனினும் அதன் குஞ்சுகள் பிறக்கும்போது தீநுண்மம் அற்றவையாகவே பிறக்கின்றன.

அசுவினியின் இனப்பெருக்கமும் வியப்புக்குரியது. பெண் அசுவினிகள் ஆண் துணையின்றிக் குஞ்சுகளை நேரடியாக ஈனுகின்றன. இது கன்னி இனப்பெருக்கம் எனப்படும். ஆக, கலவியின்றிப் பெருகும் செடியின்மேல் கலவியின்றிப் பெருகும் பூச்சி வாழ்கிறது. இருவருக்கும் பெருக்கம் விரைவு. செடிக்கு மட்டும் அதன் விலை கடுமையானது. கூட்டம் நெருக்கமாகும்போது சிறகுள்ள அசுவினிகள் தோன்றிப் பிற தோட்டங்களுக்குக் காற்றோடு செல்கின்றன.

புளோயச் சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதம் குறைவு. தேவையான புரதக்கூறுகளுக்காக மிகுதியான சாற்றை உறிஞ்சும் அசுவினி, எஞ்சிய சர்க்கரையைத் தேன்துளியாக வெளியேற்றுகிறது. இத்தேன்துளிக்காக எறும்புகள் அசுவினிகளைச் சூழ்ந்து காக்கின்றன. வாழையின் அடியில் எறும்பு ஊர்ந்தால் இலையுறையை விலக்கிப் பார்ப்பது உழவருக்கு நல்ல பழக்கம்.

கட்டுப்பாடு

நோயுற்ற செடியைக் காப்பாற்ற வழியில்லை. அதனைக் கிழங்கோடு அகற்றுவதே முறை. ஒரே கிழங்கிலிருந்து வந்த கன்றுகள் அனைத்திற்கும் புளோயம் தொடர்ச்சியாக இருப்பதால், நலமாகத் தோன்றும் கன்றையும் விட்டுவைக்க இயலாது. அகற்றுமுன் பூச்சிக்கொல்லியோ மண்ணெண்ணெயோ இட்டு அசுவினிகளைக் கொல்வது கட்டாயம். இல்லையெனில் வெட்டப்பட்ட செடி வாடத் தொடங்கியதும் அசுவினிகள் நோயைச் சுமந்துகொண்டு அடுத்த செடிக்குக் குடிபெயரும். மலைச்சரிவில் தோண்டுவது கடினம் என்பதால் களைக்கொல்லியைத் தண்டில் ஊசியாகச் செலுத்தியும் செடிகள் அழிக்கப்படுகின்றன.

தொற்று ஏற்பட்டதற்கும் அடையாளம் தோன்றுவதற்கும் இடையே சில வாரங்கள் கழிகின்றன. குளிர்ந்த மலையில் இவ்விடைவெளி இன்னும் நீளும். அக்காலத்தில் கன்று கண்ணுக்கு முழு நலத்துடன் தோன்றும். நல்ல தோட்டம் என நம்பி அங்கிருந்து கன்று வாங்கி நட்டோர் நோயையும் சேர்த்தே நட்டனர். மலையில் இந்நோய் இவ்வளவு விரிவாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். மலைவாழை ஒரே குழியில் பல ஆண்டுகள் விடப்படுவதும், கைவிடப்பட்ட தோட்டங்களில் நோயுற்ற செடிகள் கவனிப்பாரின்றி நிற்பதும் ஏனைய காரணங்கள்.

கண்ணால் காண இயலாத தொற்றைக் கண்டறிய இன்று இரு சோதனைகள் உள்ளன. ஒன்று, தீநுண்மத்தின் புரத உறையோடு ஒட்டும் எதிர்ப்பொருளைக் கொண்டு நிறமாற்றத்தால் கண்டறியும் எலிசா. மற்றொன்று, தீநுண்மத்தின் டி.என்.ஏ துண்டைப் பல கோடி மடங்கு படியெடுத்துக் காட்டும் பி.சி.ஆர். 2020ஆம் ஆண்டின் கோவிட் தொற்றுக்குப் பின்னர் இப்பெயர் ஊரறிந்ததாயிற்று. கோவிட் தீநுண்மத்தில் இருப்பது ஆர்.என்.ஏ என்பதால் அதனை முதலில் டி.என்.ஏவாக மாற்ற வேண்டும். வாழையின் முடிக்கொத்துத் தீநுண்மத்திற்கு அந்தப் படி தேவைப்படுவதில்லை.

திசு வளர்ப்பு

1993ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சோதித்துத் தேர்ந்த தாய்ச்செடிகளிலிருந்து திசு வளர்ப்பால் மலைவாழைக் கன்றுகளை உருவாக்கி மலை உழவர்களுக்குக் கிடைக்கச் செய்தன.

தாவர உயிரணு ஒவ்வொன்றிலும் முழுச்செடியை உருவாக்கத் தேவையான மரபுச்செய்தி உள்ளது. தகுந்த சூழலில் ஒற்றை உயிரணுவும் முழுச்செடியாக வளரக்கூடும் என்னும் இப்பண்பு முழுஆக்குத்திறன் எனப்படும். ஆபர்லாண்டு என்னும் அறிஞர் இக்கருத்தை 1902ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். வாழையில் பொதுவாகக் கன்றின் கிழங்கிலிருந்து வளர்முனையை உள்ளடக்கிய சிறு துண்டு எடுக்கப்படுகிறது. வளர்முனையிலுள்ள ஆக்குத்திசுவில் புளோயம் இன்னும் உருவாகியிருக்காது. புளோயத்தையே வழியாகக் கொண்ட தீநுண்மம் அங்கு மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். துண்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு தூய்மை. ஆனால் மிகச்சிறு துண்டு பிழைப்பது கடினம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவைத் தேர்வதே இதில் கைத்திறன்.

நுண்ணுயிர் நீக்கப்பட்ட துண்டு சர்க்கரை, கனிம உப்புகள், வைட்டமின்கள் கொண்ட ஊடகத்தில் இடப்படுகிறது. முரசிகே, சுகூக் ஆகியோர் 1962ஆம் ஆண்டு வெளியிட்ட ஊடகமே இன்றும் பெருவழக்காக உள்ளது. சைட்டோகைனின் ஊக்கி மிகுந்தால் தளிர்கள் பெருகும். ஆக்சின் மிகுந்தால் வேர் விடும். பெருகிய தளிர்களைப் பிரித்து மீண்டும் மீண்டும் புதிய ஊடகத்திற்கு மாற்றுவதால் ஒரு கன்றிலிருந்து நூற்றுக்கணக்கான செடிகளைப் பெறலாம். சுழற்சிகள் மிகுந்தால் மரபணுப் பிறழ்வுகளும் மிகும் என்பதால் அவற்றிற்கு வரம்பு வைக்கப்படுகிறது. குடுவையின் ஈரக்காற்றில் வளர்ந்த இலைகளில் மெழுகுப் பூச்சு குறைவு. எனவே நிழல்வலைக் குடிலில் சில வாரங்கள் வைத்துப் பழக்கிய பின்னரே அவை நிலத்திற்கு அனுப்பப்படுகின்றன. திசு வளர்ப்புக் கன்றுகளைச் சோதித்துச் சான்றளிக்கும் தேசிய முறையை இந்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை 2006ஆம் ஆண்டில் ஏற்படுத்தியது.

திசு வளர்ப்புக் கன்று நோய் எதிர்ப்புத் திறன் உடையது என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது தவறு. அக்கன்று நோயற்றது மட்டுமே. நோயை எதிர்க்கும் பண்பு எதையும் அது புதிதாகப் பெறவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் நோயுற்ற செடி ஒன்று நின்றால் நட்ட சில மாதங்களிலேயே இதுவும் நோயுறும். திசு வளர்ப்பால் வந்த ஆயிரம் கன்றுகளும் முன்போலவே ஒரே மரபுவகையின் படிகள் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒரே மரபுவகைப் பயிருக்கு வரும் இடர் சிறுமலைக்கு மட்டும் உரியதன்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலக வணிகத்தை ஆண்ட குரோசு மிச்சேல் வாழை, பனாமா வாடல் நோய் என்னும் பூஞ்சை நோயால் 1960களுக்குள் வணிகத்திலிருந்து மறைந்தது. அதனிடத்திற்கு வந்த கேவண்டிசு வாழையை அதே பூஞ்சையின் புதிய வகை இப்போது தாக்கி வருகிறது. இப்புதிய வகை இந்தியாவில் பீகார் மாநிலத்திலும் கண்டறியப்பட்டுள்ளது. விதையற்ற பயிரில் ஒட்டுச்சேர்த்து எதிர்ப்புத் திறனைக் கொண்டுவருவது எளிதன்று. முடிக்கொத்து நோய்க்கு முழு எதிர்ப்புடைய வணிக வாழை வகை இதுவரை கிடைக்கவில்லை.

ஆத்திரேலியா 1920களில் தன் வாழைத்தொழிலை மீட்டெடுத்தபோது அதற்கு எதிர்ப்புத் திறனுள்ள வகையோ திசு வளர்ப்போ கிடைத்திருக்கவில்லை. தோட்டங்களைப் பதிவு செய்தல், ஆய்வாளர்கள் முறையாகப் பார்வையிடல், நோயுற்ற செடியை உடனே அழித்தல், இசைவின்றிக் கன்றுகளை இடம் மாற்றாமை ஆகியவற்றைச் சட்டத்தால் கட்டாயமாக்கியே அந்நாடு இதனைச் செய்தது. சிறுமலையில் காட்டையொட்டிச் சிதறிக் கிடக்கும் சிறு தோட்டங்களில் இதே ஒழுங்கு பெரும்பாலும் உழவர்களின் ஒற்றுமையைப் பொறுத்தே அமைகிறது. ஒரு சரிவில் பத்துப் பேர் நோயுற்ற செடிகளை அகற்றியும் பதினோராவது தோட்டம் அப்படியே விடப்பட்டால், அடுத்த பருவத்தில் சிறகுள்ள அசுவினிகள் புறப்படுவது அங்கிருந்துதான்.